எதிர் வசனம் படிச்சவ எழுதுறேன்

கண்ணு, நேத்து நீ போன் பண்ணப்போ நான் ஆரணி பஸ் ஸ்டாண்டுல ஒரு கல்யாணப் பார்ட்டியோட நின்னுகினு இருந்தேன். தெள்ளார் பக்கத்துலேர்ந்து வேன் எடுத்துகினு வந்திருந்தாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க. கடையில வேணாம், நெசவு போடுற வீட்டுக்கே கூட்டிகினு போய் முகூர்த்தச் சேலை எடுத்துக் குடுங்கம்மான்னு என்னைத் தேடிகினு வந்தாங்க. அந்த இரைச்சல்ல நீ சொன்னதை ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுத்தான் புரிஞ்சிகினேன். ஒருத்தர் உனக்கு மேனேஜரா வரேன்றாரு, இனிமே ஆடிஷன் எல்லாம் அவரே புடிச்சித் தருவாரு, வர்ற வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்றாரு, போடட்டுமாம்மான்னு கேட்ட. யோசிச்சிச் சொல்றேன்னு வச்சிட்டேன். திரும்பக் கூப்பிட்டா நீ டப்பிங்ல இருக்கேன், பைக்ல இருக்கேன், ஷாட்டுக்குக் கூப்டுறாங்கன்னு ஒரு காரணம் சொல்லுவ. அதனாலதான் எழுதி, போட்டோ புடிச்சி அனுப்புறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஜல்தி ஜல்தியா தள்ளிட்டுப் போகாம உக்காந்து படி.

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சி. இந்த ஊருல என்னைப் பேரு சொல்லிக் கூப்டுறவங்க கம்மி, சேலை புரோக்கரம்மான்னாதான் தெரியும். அந்த புரோக்கரம்மாகிட்டயே வந்து, எனக்கு புரோக்கர் வேணுமான்னு கேக்குற. வாய் வரைக்கும் "போடுடா"ன்னு வந்துடுச்சி. என் பொழப்பை நானே வேணாம்னு சொல்லுவனா? ஆனா வேன்ல ஏறி உக்காந்தப்பறம் ஒரே யோசனை. அந்த ஆளு நிஜமா என்னா வேலை செய்வாரு, காலையில எழுந்து யாருக்கு முதல்ல போன் போடுவாரு, உன்னைப் பத்தி என்னா வார்த்தை சொல்லுவாருன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சி. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஒண்ணு புரியலைன்னா சோறு எறங்காது.

என் வேலை என்னான்னு நீ பாத்திருக்க. வேன்லேர்ந்து ஒரு கூட்டமே எறங்கும். அதுல யாரு சத்தமாப் பேசுறாங்களோ அவங்க கையில ஒண்ணும் இருக்காது. நேத்துகூட பொண்ணோட அத்தை ஒருத்தி, இந்தப் பச்சை நல்லால்ல, அந்த ஜரிகை சரியில்லன்னு வீட்டையே தலைகீழாப் புரட்டினா. பொண்ணு மட்டும் ஒவ்வொரு சேலைக்கும் மூலையில நின்ன சித்தப்பாவையே திரும்பிப் பாத்துகினு இருந்தா. அந்த மனுஷன் வாயே தெறக்கல. அரக்குல ஒரு சேலை வந்தப்போ மட்டும் ஓரத்தை ரெண்டு விரலால புடிச்சிப் பாத்தாரு. மத்ததையெல்லாம் மடிச்சி வச்சிடுங்கன்னு நெசவுக்காரருக்கு நான் கண்ணைக் காட்டிட்டேன். நீ சின்னப் புள்ளையில இந்த அத்தைங்க மாதிரியே வீட்டுல நடிச்சிக் காட்டுவ, உங்கப்பா தறியை நிறுத்திட்டுச் சிரிப்பாரு. நீ சினிமால நடிக்கப் போறேன்னு சொன்னப்போ எல்லாரும் அதிர்ச்சியானாங்க. நான் ஆகல. எனக்கு வேற கேள்விதான் இருந்துச்சி.

யார்கிட்ட போய்க் கேப்ப, அதுக்குக் கடை எங்கடா இருக்குதுன்னு கேட்டேன். கடை இல்லம்மா, போன்லதான்னு சொல்லி, நீ காட்டுன விளம்பரங்களைப் பாத்து அசந்து போயிட்டேன். வயசு இவ்ளோ, உயரம் இவ்ளோ, மாநிறம், தாடி இருந்தா நல்லது, பைக் ஓட்டத் தெரியணும். இது என்னாடா மாப்பிள்ளை தேடுற மாதிரியே இருக்குதுன்னு கேட்டேன். ஆமாம்மா, ஆனா ஜாதகம் கேக்க மாட்டாங்கன்னு சொன்ன. அப்பறம் நானும் தெனம் பாக்க ஆரம்பிச்சேன். டீ குடிக்கிற நேரத்துல உனக்கு ஏத்ததா எதுனா தேடி அனுப்புவேன். போலீஸ்காரர் வேஷத்துக்கு ஆள் கேட்டா உனக்கு அனுப்புவேன், அம்பது வயசு பண்ணையார்னாலும் அனுப்புவேன். எனக்கு ஏம்மா இதுன்னு நீ பேஜார் ஆவ. எது உனக்கு, எது உனக்கு இல்லன்னு நீயே பிரிச்சிக் காட்டுன அப்பறம்தான் புரிஞ்சிது. எல்லாத்துக்கும் கை தூக்குறவனை யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு அன்னைக்கு நீ எனக்குச் சொன்ன. அது என் தொழில்லயும் அப்படித்தான்.

வேலூர் லாட்ஜ் ஞாபகம் இருக்குதா? பெரிய படம், பெரிய ஹீரோ, தம்பி வேஷம்னு கூப்ட்டாங்கன்னு நானும் உன்கூட வந்தேன். மாடியில ஒரு ரூம்ல ரெண்டு பேரு. வரிசையா பசங்க உக்காந்துகினு இருந்தாங்க, எல்லாரும் முடியை ஒரே மாதிரி வாரிகினு. உன்னை நடிக்கச் சொல்லவே இல்ல, பேரைக் கேட்டாங்க, சூப்பரா இருக்கீங்க தம்பின்னாங்க, போட்டோ ஆல்பம் போடணும் பணம் கட்டுங்கன்னாங்க. நான் பையை மடியில வச்சிகினு மெதுவாதான் கேட்டேன். படத்தோட டைரக்டர் யாருங்க? சொல்லக் கூடாதுங்கம்மா. கம்பெனி எதுங்க? அதுவும் ரகசியம். இவனுக்கு என்னா வேஷங்க? அது அப்பறம். கல்யாணம் எப்பன்னு கேட்டா சொல்லாத பார்ட்டி சேலை எடுக்க மாட்டாங்க கண்ணு, பொழுது போக்க வந்திருக்காங்கன்னு அர்த்தம். எழுந்துரிடான்னு சொன்னேன், நீ முகத்தைத் தொங்கப் போட்டுகினு வந்த. பஸ்ஸுல கண்ணமங்கலம் தாண்டுற வரைக்கும் நீ ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்த.

அதுக்கப்பறம் நீயே உனக்குன்னு ஒரு கட்டுப்பாடு வச்சிகின. அறிவிப்பு வந்தா அந்தக் கம்பெனியோட சொந்தப் பக்கத்துல அது இருக்குதான்னு பாப்ப. முன்னாடி அங்க நடிச்சவங்க யாருனா இருந்தா கேப்ப. வேலை குடுக்குறதுக்கு முன்னாடி காசு கேட்டா அந்தப் பக்கமே திரும்ப மாட்ட. காலேஜ் பசங்க எடுக்குற குறும்படத்துக்குக் கூப்ட்டா சும்மாவே போயி நடிச்சிட்டு, அந்தக் காட்சியை மட்டும் வெட்டி வாங்கிகினு வருவ. அதுல கேமரா தூக்குனவன் அடுத்த வருஷம் ஒரு படத்துல அசிஸ்டென்ட் ஆனான், அவன் உன்னைக் கூப்ட்டான். டைரக்டரைத் தேடி அலையாத, கூட ஓடிகினு இருக்குற அசிஸ்டென்டோட பேரை ஞாபகம் வச்சிக்கன்னு நான் சொன்னது அதுக்குத்தான். என் தொழில்லயும் பார்ட்டியோட வேன் டிரைவரைக் கேட்டாத்தான் எனக்கு நிஜம் தெரியும், ஏற்கெனவே எந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்க, ஏன் எடுக்கலன்னு.

சென்னையில ரூம் எடுக்குறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுலயே வீடியோ எடுத்து அனுப்பிகினு இருந்தியே, அந்தக் கூத்தை நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. நம்ம தெருவுல காலையில தொடங்குனா பொழுது சாயுற வரைக்கும் தறி ஓடும். நீ சோகமா ஒரு வார்த்தை பேசுவ, பின்னாடி டக் டக்னு பக்கத்து வீட்டுத் தறி தாளம் போடும். உங்கப்பாவை நிறுத்தச் சொல்லலாம், தெருவையே நிறுத்த முடியுமா? அமாவாசை அன்னைக்கு எந்த வீட்டுலயும் தறியில உக்கார மாட்டாங்களே, அதனால நீ மாசம் பூரா வசனத்தை மனப்பாடம் பண்ணிகினு அமாவாசைக்குக் காத்துகினு இருப்ப. உனக்கு அமாவாசைன்னா அன்னைக்கு ஆடிஷன். எதிர்ல நின்னு பேச ஆள் வேணும்னு என்னைப் புடிச்சி நிறுத்துன. போனுக்குப் பக்கத்துல நின்னுகினு, வில்லன் வசனம், போலீஸ் வசனம், நீ காதலிக்கிற பொண்ணோட வசனம் எல்லாத்தையும் நான் படிச்சேன். நடிக்காதம்மா, சும்மா படின்னு நீ கத்துவ. சும்மா படிச்சா உயிரே இல்லியேன்னு நான் கத்துவேன்.

அந்தக் காலத்துலதான் நாம ரெண்டு பேரும் சேந்து அந்தப் பெரிய அறிவாளித்தனத்தைப் பண்ணோம். உன் காட்சிகளை எல்லாம் ஒட்டி ஒரே வீடியோவா அனுப்பணும், எதை முதல்ல வைக்கிறதுன்னு கேட்ட. நான் என் தொழில் புத்தியைச் சொன்னேன். நல்ல சேலையை எடுத்தவுடனே விரிக்கக் கூடாது, சுமாரானதை நாலு காட்டிட்டு, பார்ட்டிக்குச் சலிப்பு தட்டுற நேரத்துல அடியிலேர்ந்து அதை எடுத்துப் போடணும், அப்பதான் கண்ணு விரியும். நீயும் அப்படியே செஞ்ச. முதல்ல கூட்டத்துல நடந்து போற காட்சி, அப்பறம் டீ குடிக்கிறது, கடைசியில அந்த அழுகைக் காட்சி. மாசக்கணக்கா ஒரு பதிலும் வரல. கடைசியா படத்துக்கு ஆள் எடுக்குற ஒரு ஆபீஸ்ல வேலை செய்யுற பொண்ணு உன்மேல இரக்கப்பட்டு உண்மையைச் சொல்லிச்சி. ஒருநாளைக்கு நூத்துக்கணக்குல வருது ப்ரோ, முதல் சில செகண்டுல முகமும் குரலும் பிடிபடலன்னா அடுத்ததுக்குப் போயிடுவோம், உங்க அழுகையை யாருமே பாக்கலன்னு. எனக்கு இதை யோசிச்சி யோசிச்சி வியப்பா இருந்துச்சி. என் பார்ட்டி பாய் மேல உக்காந்து காபி குடிச்சிகினு பாக்குறாங்க, எழுந்து போக மாட்டாங்க. உன் பார்ட்டி நடந்துகினே பாக்குறாங்க. ஒரே வியாபாரம் இல்ல அது. அன்னைக்கே அழுகையைத் தூக்கி முன்னாடி வச்ச, அந்த வாரமே ரெண்டு இடத்துலேர்ந்து கூப்ட்டாங்க.

இப்ப நான் சொல்ல வர்ற இடத்துக்கு வந்துட்டேன். பஞ்சர் கடை பையன் வேஷத்துக்கு நீ அனுப்புன வீடியோ. மறுநாளே அனுப்பணும்னு கேட்டாங்க, அமாவாசைக்கு இன்னும் எவ்ளோ நாளோ இருந்துச்சி. நான் ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் போயி, சாப்டுற நேரத்துல கொஞ்சம் சேத்து உக்காந்து சாப்டுங்க, என் புள்ளைக்கு வேலை கெடைக்கிற விஷயம்னு சொல்லிட்டு வந்தேன். உங்கப்பாவும் தறியை நிறுத்துனாரு, நம்ம வீட்டைச் சுத்தி அமைதியாச்சி. நீ என் கையில ஒரு பேப்பர் குடுத்த. கடன்ல கடை நடத்துற பையன் ஊருக்கு வந்து, கடை நல்லா ஓடுதும்மான்னு அம்மாகிட்ட பொய் சொல்றான். அம்மா, சாப்டியான்னு கேக்குறா. என் பேப்பர்ல அதோட முடிஞ்சிது. நானும் சாப்டியான்னு கேட்டுட்டு பேப்பரை மடிச்சேன். நீ போனை நிறுத்தல. என்னையே பாத்துகினு, ரொம்ப சின்னக் குரல்ல கேட்ட.

"நான் தோத்துட்டு வந்தா வீட்டுல சேத்துப்பியாம்மா?"

எனக்கு நடிப்பெல்லாம் மறந்து போச்சி. "கதவை நான் எப்படா சாத்துனேன்? கையைக் கழுவிகினு வந்து உக்காரு"ன்னு சொன்னேன். உன் கண்ணு கலங்கிச்சி, அப்பறம் சிரிச்ச, அப்பறம் போனை நிறுத்துன. அது என்னாடா, என் பேப்பர்ல இல்லியேன்னு கேட்டேன். நீ வீடியோவை அனுப்புறதுலயே குறியா இருந்த. பக்கத்து வீட்டுத் தறியும் ஓட ஆரம்பிச்சிடுச்சி.

அந்த வேஷம் உனக்குத்தான் கெடைச்சிது. அந்தப் பையன் பேச்சு நிஜமா நம்ம பக்கத்து ஊர்ப் பேச்சா இருந்துச்சின்னு சொன்னாங்களாம். அதுக்கு முன்னாடி எல்லா வீடியோவுலயும் நீ டிவில செய்தி படிக்கிறவன் மாதிரி பேசிகினு இருந்த, நம்ம ஊர் வாசனையே வரக்கூடாதுன்னு. என்கிட்ட பேசுனதால அது தானா வந்துடுச்சி. ஆரணி தியேட்டர்ல நானும் உங்கப்பாவும் முதல் நாளே போயி உக்காந்தோம். பஞ்சர் ஒட்டுற காட்சியில நீ வந்த, உங்கப்பா என் கையைப் புடிச்ச புடி இன்னும் வலிக்குது. ஆனா அந்த அம்மா காட்சி வரவே இல்ல. எடிட்டிங்ல போயிடுச்சும்மான்னு நீ சாதாரணமாச் சொல்லிட்ட. அதனால அந்த வசனம் அவங்க எழுதுனதா, நீயா கேட்டதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சரி, மேனேஜர் கதைக்கு வரேன். வேணாம்னு சொல்ல நான் வரல. நல்ல புரோக்கருக்கு வேலை இருக்குது. உன்னால போய் நிக்க முடியாத வாசல்ல அவர் நிப்பாரு, உனக்காகச் சம்பளம் பேசுறப்போ வெக்கப்படாம பேசுவாரு. ஆனா அவரை ஒண்ணு கேளு. என் வீடியோவுல எது உங்களுக்குப் புடிச்சிதுங்கன்னு மரியாதையாக் கேளு. உங்க லுக் சூப்பர்னு சொன்னாருன்னா சேலையை அவர் பிரிக்கவே இல்லன்னு அர்த்தம். முந்தானை வரைக்கும் விரிச்சிப் பாக்காத சேலையைப் பத்தி நான் ஒரு பார்ட்டிகிட்டயும் வாய் தெறந்தது இல்ல. எந்த இடத்துல உன் குரல் எறங்குச்சின்னு அவர் சொன்னாருன்னா, மேல பேசலாம். அவர்கிட்ட ஏற்கெனவே இருக்குற நடிகருங்க ரெண்டு பேரை, அவர் இல்லாதப்போ கேளு. நீ அனுப்புற வீடியோவுல உன் நம்பரை எடுத்துட்டு அவர் நம்பரை மட்டும் போடச் சொன்னா ஒத்துக்காத.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். அவர் கையெழுத்து கேக்குற பேப்பர்ல, இனிமே எங்கேர்ந்து வேலை வந்தாலும் அவருக்குப் பங்குன்னு இருக்குதாமே. போன வருஷம் பெரணமல்லூர் பார்ட்டி ஒண்ணு, மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு நான் ஒரு வீட்டுக்குக் கூட்டிகினு போனவங்க, ரெண்டாவது பொண்ணுக்கு நேரா அந்த வீட்டுக்கே போயிட்டாங்க. அந்த வீட்டம்மாவே போன் பண்ணி என்கிட்ட சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பங்கு கேக்கல. வாசலைக் காட்டுறது வரைக்கும்தான் என் வேலை, தெரிஞ்ச வாசலுக்கு அவங்க தானா நடந்து போனா அதுல எனக்கு என்னா இருக்குது? எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்கோம். அந்த ஆபீஸ் பொண்ணு, கேமரா தூக்குன பையன், உன்னைத் திரும்பக் கூப்டுற டைரக்டருங்க, இவங்கெல்லாம் நீயா நடந்து போயி தட்டுன வாசல். அதை எழுத்துல தனியா எழுதச் சொல்லு. எழுத மாட்டேன்னாருன்னா, கும்புடு போட்டுட்டு வந்துடு.

எல்லாத்தையும் எழுதிட்டேன், மனசுல இருக்குறதை இன்னும் எழுதல. நேத்து உன் குரல் சரியில்ல. மூணு மாசமா புதுசா ஒரு அழைப்பும் வரலன்னு போற போக்குல சொன்ன, நான் கவனிக்கலன்னு நெனச்சிகின. வெள்ளிக்கிழமைன்னு அவர் நாள் குறிச்சதும் உனக்குப் பயம் வந்துடுச்சி, இதை விட்டா வேற இல்லன்னு. எனக்கு இந்த முகம் நல்லாத் தெரியும். தறியிலேர்ந்து எறக்குன சேலை ரெண்டு மாசம் வீட்டுலயே கெடந்தா, நல்ல நெசவுக்காரர்கூட முதல்ல வர்ற ஆளுகிட்ட என்னா சொன்னாலும் தலையாட்டிடுவாரு. நான் வந்து நிக்கிறப்போ அவர் என் முகத்தைப் பாக்க மாட்டாரு, சேலையைப் பாப்பாரு. அப்படிப்பட்ட நாள்ல நான் விலை பேச மாட்டேன். நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்துடுவேன். நீ பயந்துகினு இருக்கன்னு அந்த மேனேஜருக்குத் தெரிஞ்சிருந்தும் அவர் வெள்ளிக்கிழமைன்னு சொல்றாருன்னா, அது எனக்குப் புடிக்கல.

அதனால கையெழுத்து போடுறதும் போடாததும் உன் இஷ்டம். பயத்துல மட்டும் போடாத. மூணு மாசம் இல்ல, இன்னும் எவ்ளோ மாசம் ஆனாலும் ஆவட்டும். சேத்துப்பியான்னு அன்னைக்குக் கேட்டது நீயா, அந்தப் பஞ்சர் கடை பையனான்னு எனக்குத் தெரிஞ்சிக்க ஆசையாத்தான் இருக்குது. ஆனா சொல்லிடாத. யாரு கேட்டிருந்தாலும் நான் சொன்ன பதில் அதேதான்.